உழுதவன் கணக்கும் குடும்பத்தின் தீர்மானமும்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. விவசாயத்தில் கணக்குப் பார்ப்பதால் பயனில்லை என்பதற்குச் சிலர் இதனை ஆதாரமாகக் கொள்வர். ஆனால் உழக்கும் மிஞ்சாதென்று கண்டவனும் மறுவருஷம் ஏர் பூட்டத் தவறுவதில்லை. ஆகவே அவன் மனத்தில் வேறொரு கணக்கு இருந்தே தீரவேண்டும். அக்கணக்கு யாது, அதில் வரவு எவை, செலவு எவை என்பதை வெளிப்படுத்துவதே குடும்பத் தீர்மானங்களைப்பற்றிய பொருளாதார சாஸ்திரத்தின் நோக்கமாகும்.

விஷயம் எளிதில் விளங்கும்பொருட்டு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குடும்பத்துக்கு நான்கு ஏக்கர் மானாவாரிப் புன்செய் உண்டு. கணவன், மனைவி, வயது முதிர்ந்த தாய், பள்ளி செல்லும் இரு குழந்தைகள் ஆக ஐவர் அதை நம்பியிருக்கின்றனர். அயலார் நிலம் முழுவதும் நிலக்கடலை விதைத்திருக்க, இக்குடும்பம் ஓர் ஏக்கரில் மட்டும் கடலையும் மூன்று ஏக்கரில் கம்பும் விதைக்கிறது. கடலையே அதிக லாபம் தருமென்று விவசாய அலுவலர் எடுத்துரைத்தும் இவர்கள் இணங்கவில்லை. 'பழைய வழக்கத்தை விடாதவர்கள்' என்று ஊரார் இவர்களைக் கூறுகின்றனர்.

அவ்வாறு கூறுவது நியாயமா என்பது ஆராயத்தக்கது. பொருந்தாத ஆலோசனைக்கு இணங்கினால் இரண்டொரு வருஷத்தில் நிலம் ஈடாகப் போய்விடக்கூடும். பொருத்தமான ஆலோசனையைத் தள்ளினாலோ வருஷந்தோறும் வரவேண்டிய வருமானம் வாராமற் போகும். இரண்டும் நஷ்டமே.

1. செலவு என்பது யாது?

கையிலிருந்து கொடுத்த பணம் மட்டுமே செலவு என்று பலர் எண்ணுகின்றனர். பொருளாதார நூலார் அவ்வாறு கொள்வதில்லை. ஒன்றைச் செய்வதற்காக எதனை விட்டுக்கொடுக்க நேர்ந்ததோ, அதன் பயனே உண்மையான செலவு என்பது அவர்கள் கொள்கை. சொந்த வயலில் பத்து நாள் களை எடுத்தவர், அந்தப் பத்து நாளும் வெளியே கிடைத்திருக்கக்கூடிய கூலியை விட்டுக்கொடுத்தவராகிறார். சொந்த எருவை நிலத்தில் இட்டவர் அதை விற்றுப் பெற்றிருக்கக்கூடிய தொகையை விட்டுக்கொடுத்தவராகிறார். சொந்த நிலத்துக்குக் குத்தகை கொடுப்பதில்லை. ஆயினும் அதைப் பிறருக்கு விட்டிருந்தால் குத்தகை வந்திருக்கும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிட்டதன்று. 1965-இல் மத்திய அரசாங்கம் நிறுவிய விவசாய விலை ஆணையம், 1985 முதல் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் என்று பெயர் பெற்றது. அது சாகுபடிச் செலவைப் பல படிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. விதை, உரம், கூலி முதலியவற்றுக்கு உண்மையில் கொடுத்த செலவு 'ஏ2' எனப்படும். குடும்பத்தார் உழைப்பின் மதிப்பைச் சேர்ப்பது அடுத்த படி. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும், சொந்த முதலுக்கு வரவேண்டிய வட்டியையும் சேர்த்தால் அது 'சி2' எனப்படும்.

பழமொழியின் புதிர் இங்கே அவிழ்கிறது. எல்லாவற்றையும் சேர்த்த கணக்கில் உழக்கும் மிஞ்சாமலிருக்கலாம். கைச்செலவு மட்டும் கழித்த கணக்கில் சில மூட்டைகள் மிஞ்சலாம். வெளிக்கூலி கிடைக்காத ஊரில், குத்தகைக்கு எடுப்பாரும் இல்லாத நிலத்தில், விட்டுக்கொடுத்த பயன் மிகச் சிறிது. அங்கே உழுதவன் மறுவருஷமும் உழுவது பேதைமையன்று. நல்ல கூலி தரும் வேலை அருகிலேயே வந்துவிட்டால், அதே நிலம், அதே பயிர், அதே மகசூல் இருந்தும் தீர்மானம் மாறக்கூடும். மாறியது மனிதன் குணமன்று. விட்டுக்கொடுக்கும் பொருளின் மதிப்பே மாறியது.

2. கடைசி மூட்டையின் மதிப்பு

ஒரு மூட்டைத் தானியத்துக்கு மதிப்பு என்ன? சந்தை விலையே மதிப்பு என்று சொல்லிவிடலாம். ஆஸ்திரிய நாட்டுப் பொருளாதார அறிஞர் போம் பாவெர்க் 1889-இல் வெளியிட்ட தமது நூலில் இதற்கு வேறு வகையாக விடையளித்தார். காட்டில் தனித்து வாழும் ஓர் உழவன் ஐந்து மூட்டைத் தானியம் அறுத்தான் என்று அவர் உதாரணங் கூறினார். முதல் மூட்டை உயிர் வாழ்வதற்கு. இரண்டாவது உடல் வலிவோடு உழைப்பதற்கு. மூன்றாவது கோழி முதலியன வளர்ப்பதற்கு. நான்காவது சாராயம் வடிப்பதற்கு. ஐந்தாவது கிளி வளர்க்கும் ஆசைக்கு. ஒரு மூட்டை கெட்டுப்போனால் அவன் பட்டினி கிடக்கமாட்டான், கிளிகளையே விட்டுவிடுவான். ஆகவே ஐந்து மூட்டை இருக்கும்போது ஒரு மூட்டையின் மதிப்பு, அவற்றுள் கடைசிப் பயனின் மதிப்பே. ஒரே மூட்டை மிஞ்சினாலோ அதன் மதிப்பு உயிரின் மதிப்பு.

இக்கருத்து 1871-இல் இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்பவராலும், அதே வருஷம் ஆஸ்திரியாவில் மெங்கர் என்பவராலும் தனித்தனியே வெளியிடப்பட்ட நூல்களில் வேர்கொண்டது. எந்தப் பொருளையும் மொத்தமாக மதிப்பிடாமல், 'இன்னும் ஒன்று கூடினால் என்ன பயன், ஒன்று குறைந்தால் என்ன இழப்பு' என்று நோக்குவதே இதன் சாரம்.

உதாரணக் குடும்பத்தின் குதிரில் இருக்கும் கம்பும் இவ்வகையினதே. முதலில் உள்ளவை வீட்டு உணவுக்கு. அடுத்தது விதைக்கு. அதற்கு அடுத்தது கறவை மாட்டுக்கும் உறவின் முறைக்கும். எஞ்சியதே சந்தைக்கு. 'விலை நன்றாயிருந்தும் ஏன் விற்கவில்லை?' என்று கேட்பவர், சந்தை விலை கடைசி மூட்டைகளுக்கே பொருந்தும் என்பதை மறந்தவராவார். அறுவடைக் காலத்தில் விற்ற தானியத்தை ஆறு மாதம் கழித்து வாங்கப் போனால் தரகும் வண்டிச் சத்தமும் வியாபாரி லாபமும் சேர்ந்து அதிக விலை கேட்கும். விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் உள்ள இந்த இடைவெளி பெரிதாகுமளவுக்கு, வீட்டுக்கு வேண்டியதை வீட்டிலேயே விளைவித்துக்கொள்வது நியாயமாகிறது.

3. வீடும் வயலும் ஒரே ஸ்தாபனம்

நகரத்து ஆலைக்கு முதலாளி வேறு, தொழிலாளி வேறு, சரக்கை வாங்குபவர் வேறு. குடியானவர் வீட்டில் மூவரும் ஒருவரே. இதனை ஆழ்ந்து ஆராய்ந்தவர் ருஷியாவின் விவசாயப் பொருளாதார அறிஞர் அலெக்சாண்டர் சயானவ். அவருடைய முக்கிய நூல் 1925-இல் வெளியாயிற்று. 1930-இல் சிறைப்பட்டு 1937-இல் கொல்லப்பட்ட அவருடைய கருத்துக்கள், 1966-இல் அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னரே உலகெங்கும் பரவின.

உண்பவர் எத்தனை பேர், உழைப்பவர் எத்தனை பேர் என்ற விகிதமே குடும்பத்தின் உழைப்பை நிர்ணயிக்கிறது என்பது சயானவின் முடிவு. இருவர் உழைத்து இருவர் உண்ணும் வீட்டில், ஓரளவுக்குமேல் உழைப்பின் சிரமம் அதன் பயனை மிஞ்சிவிடும். இருவர் உழைத்து ஐவர் உண்ணும் வீட்டிலோ, கூலிக்கணக்கில் நஷ்டமென்று தோன்றும் வேலையையும் செய்யவேண்டியிருக்கும். பிள்ளைகள் வளர்ந்து கைகொடுக்கத் தொடங்கியதும் அதே குடும்பம் வேறு தீர்மானம் செய்யும். ஆகவே அடுத்தடுத்த இரு வீட்டார் ஒரே வகை நிலத்தில் வெவ்வேறு விதமாகப் பயிரிட்டால், ஒருவர் அறிவுடையவர் மற்றவர் அறிவில்லாதவர் என்று உடனே முடிவு செய்தல் கூடாது.

4. விலைக்கு இணங்காதவர் அல்லர்

கிராமத்துக் குடியானவர் விலையைப் பார்த்துப் பயிர் செய்வதில்லை, வழக்கத்தைப் பார்த்தே செய்கிறார் என்ற அபிப்பிராயம் நெடுங்காலம் இருந்தது. பஞ்சாப் பிரதேசத்தின் 1914 முதல் 1945 வரையிலான விவரங்களை ஆராய்ந்த ராஜ் கிருஷ்ணா, 1963-இல் தமது முடிவுகளை வெளியிட்டார். பருத்தி விலை ஏறியபோது பருத்திப் பரப்பும் ஏறியது, இறங்கியபோது இறங்கியது என்று அவர் காட்டினார். அமெரிக்கப் பேராசிரியர் சூல்ட்ஸ் 1964-இல், மரபு வழி விவசாயிகள் ஏழைகளாயினும் தம் கையிலுள்ளவற்றைத் திறமையாகவே பயன்படுத்துகிறார்கள் என்று வாதித்தார். உத்தரப் பிரதேசத்தின் சேனாப்பூர் கிராமத்து விவரங்களும் அவருடைய ஆதாரங்களுள் ஒன்று.

இதற்கு 1968-இல் மைக்கேல் லிப்டன் என்பவர் ஒரு தடை எழுப்பினார். மழை நிச்சயமில்லாத இடத்தில் குடியானவரின் முதல் நோக்கம் அதிக லாபமன்று, அழியாமல் தப்புவதே என்றார். உதாரணக் குடும்பத்தின் தீர்மானத்துக்குரிய திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

5. மழை தவறினால்?

கீழ்க்கண்ட எண்கள் கணக்கு விளங்கும்பொருட்டு எடுத்துக்கொண்டவையே. எவ்வூரின் புள்ளிவிவரமும் அன்று. ஐந்து வருஷங்களில் மூன்று வருஷம் மழை பெய்து, இரண்டு வருஷம் தவறுகிறது என்று கொள்க. கைச்செலவு போக ஏக்கருக்கு நிலக்கடலை நல்ல வருஷத்தில் 20,000 ரூபாய் தரும். தவறிய வருஷத்தில் விதைச் செலவும் கூலியும் போய் 10,000 ரூபாய் நஷ்டம். கம்பு நல்ல வருஷத்தில் 8,000 ரூபாயும், தவறிய வருஷத்தில் 3,000 ரூபாயும் தரும். ஐந்து வருஷச் சராசரியில் கடலை ஏக்கருக்கு 8,000; கம்பு 6,000. கடலையே சிறந்தது என்று அலுவலர் சொன்னது சராசரியைப் பார்த்தால் சரியே.

நான்கு ஏக்கருக்கும் கணக்கிட்டால் முடிவு பின்வருமாறு:

முழுவதும் கம்பு: சராசரி 24,000, தவறிய வருஷத்தில் 12,000 வரவு.
ஓர் ஏக்கர் கடலை: சராசரி 26,000, தவறிய வருஷத்தில் 1,000 நஷ்டம்.
இரண்டு ஏக்கர் கடலை: சராசரி 28,000, தவறிய வருஷத்தில் 14,000 நஷ்டம்.
மூன்று ஏக்கர் கடலை: சராசரி 30,000, தவறிய வருஷத்தில் 27,000 நஷ்டம்.
முழுவதும் கடலை: சராசரி 32,000, தவறிய வருஷத்தில் 40,000 நஷ்டம்.

ஒவ்வோர் ஏக்கரையும் கடலைக்கு மாற்றும்போது சராசரி 2,000 கூடுகிறது. தவறிய வருஷத்தின் நிலையோ 13,000 இறங்குகிறது. நாற்பதாயிரம் கையிருப்பு உள்ளவருக்கு அது பெரிதன்று. கையிருப்பு இல்லாதவர் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு அத்தொகையைக் கடன் வாங்கினால், ஒரு வருஷ வட்டி 9,600. அடுத்த வருஷமும் மழை தவறினால் மீண்டும் 40,000 சேர்ந்து கடன் 89,600 ஆகும். மூன்றாம் வருஷம் மழை பெய்து நான்கு ஏக்கரும் நன்றாக விளைந்தாலும் வரவு 80,000. குடும்பத்தார் ஒரு கவளமும் உண்ணாமல் முழுவதையும் கொடுத்தாலும் கடன் தீராது. சராசரி இதனைக் காட்டாது; ஏனெனில் வருஷங்கள் சராசரியாக வருவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன.

ஆகவே ஓர் ஏக்கர் கடலையோடு நின்ற குடும்பம், வருஷத்துக்கு 6,000 ரூபாய்ச் சராசரி வருமானத்தை விட்டுக்கொடுத்து நிலத்தின் பத்திரத்தை வாங்கியிருக்கிறது. அது வழக்கத்தின்பால் கொண்ட பிடிவாதமன்று, ஒரு விலை.

இவ்வச்சம் ஏழைகளுக்கே உரிய கோழைத்தனம் என்று சிலர் நினைக்கலாம். 1972-இல் ஐதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், 1975 முதல் மகாராஷ்டிர, ஆந்திர மானாவாரிக் கிராமங்களில் குடும்ப ஆய்வுகளை நடத்தியது. அக்கிராமங்களைச் சார்ந்து ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் உண்மையான பணம் வைத்து நடத்திய சோதனைகளின் முடிவு 1980-இல் வெளியாயிற்று. தொகை பெரிதானபோது செல்வரும் வறியவரும் ஏறக்குறைய ஒரே அளவில் ஜாக்கிரதை காட்டினர். வேறுபாடு மனத்தில் இல்லை. கடன் வசதியிலும் கையிருப்பிலுமே இருந்தது.

பத்திரத்தை மலிவாகப் பெற வழியிருந்தால் தீர்மானமும் மாறும். ஆப்பிரிக்காவின் கானா நாட்டின் வட பகுதியில் நடந்த சோதனையொன்றின் முடிவு 2014-இல் வெளிவந்தது. பணம் மட்டும் பெற்றவர்களைவிட மழைக் காப்பீடு பெற்றவர்கள் பயிருக்கு அதிகம் செலவிட்டனர். நம் நாட்டில் 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரீப் பருவ உணவுத் தானியங்களுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் விவசாயி செலுத்தும் கட்டணம் காப்புத் தொகையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாது என்று விதிக்கப்பட்டது. ஆனால் முக்கியப் பயிர்களுக்கு இழப்பீடு தனி வயலை வைத்தன்று, குறித்த பரப்பின் சராசரி மகசூலை வைத்தே கணக்கிடப்படும். பயிர் அறுவடைப் பரிசோதனை செம்மையாக நடந்தாலன்றி இப்பத்திரம் ஏட்டோடு நின்றுவிடும். கிராம அலுவலர்களின் பொறுப்பு இதில் சிறிதன்று.

6. குடும்பத்துக்கு ஒரே மனமா?

இதுவரை குடும்பம் ஒருவரைப்போலத் தீர்மானிக்கிறது என்று கொள்ளப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதையும் சோதித்தன. பர்க்கினா பாசோ நாட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வயல்கள் இருப்பது வழக்கம். ஒரே வீட்டில், ஒரே வருஷத்தில், ஒரே பயிர் விதைத்த வயல்களை ஒப்பிட்டு கிறிஸ்டோபர் உட்ரி 1996-இல் எழுதினார். எருவும் ஆளும் பெரும்பாலும் ஆண்களின் வயல்களுக்கே சென்றன; பெண்களின் வயல்களில் மகசூல் குறைந்தது. எருவைப் பங்கிட்டு இட்டிருந்தால் குடும்பத்தின் மொத்த விளைச்சல் கூடியிருக்கும்.

உதாரணக் குடும்பத்திலும் இது கவனிக்கத்தக்கது. கடலைப் பரப்பு கூடினால் விதைப்பருப்பு உடைப்பதும், களை எடுப்பதும், காய் ஆய்வதும் பெரும்பாலும் மனைவியின் மேல் விழும். அந்நாட்களில் அவர் கறவை மாட்டால் பெறும் வருமானமும், குழந்தைகளின் பள்ளி நாட்களும் குறையுமாயின், அதுவும் விட்டுக்கொடுத்த பயனே. அவரைக் கலவாமல் போட்ட கணக்கு அரைக்கணக்கு.

7. நெருக்கடிக் காலத்துத் தீர்மானம்

கணக்கறிந்தவரும் எக்காலத்தும் ஒன்றுபோல் கணக்கிடுவதில்லை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. கரும்புக்குப் பணம் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு முறையே வருவதால், அறுவடைக்கு முன் கை வறண்டும் பின் நிறைந்தும் இருப்பது இயல்பு. அதே மனிதர்கள் அறுவடைக்குப் பின் அறிவுச் சோதனைகளில் மேலாகத் தேறினர். முன்னர்க் குறைவாகவே தேறினர். பணக்கவலை சிந்தனையின் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது என்பது ஆய்வாளர் கருத்து. பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதனோடு ஒத்துவரவில்லை. எனினும் அனுபவமுள்ள குடியானவர் எவரும் இதனை முற்றிலும் மறுக்கமாட்டார்.

கென்யா நாட்டின் மேற்குப் பகுதியில் நடந்த மற்றொரு சோதனையின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. கையில் பணமுள்ள அறுவடைச் சமயத்திலேயே உரத்துக்கு முன்பணம் கட்டச்செய்து, வீட்டுக்கு இலவசமாகக் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னபோது, உரம் வாங்கினவர் தொகை பெருகியது. ஆகவே அடுத்த பருவத்தின் விதை, உரம், காப்பீடு ஆகியவற்றுக்குரிய தொகையைக் களத்திலேயே ஒதுக்கிவிடுதல் நலம். பெரிய தீர்மானங்களையும், குறிப்பாகக் கடன், குத்தகை, நில விற்பனை ஆகியவற்றையும் கை வறண்ட மாதத்தில் செய்யாதிருப்பது உத்தமம்.

8. விதைக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள்

மேற்கூறியவற்றைச் சுருக்கினால் ஒவ்வொரு குடும்பமும் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளலாம்.

முதலாவது, இப்பயிருக்காக நிலத்திலும் உழைப்பிலும் எதனை விட்டுக்கொடுக்க நேரும்?

இரண்டாவது, வீட்டு உணவுக்கும் விதைக்கும் மாட்டுக்கும் போக எத்தனை மூட்டை சந்தைக்கு மிஞ்சும்?

மூன்றாவது, இன்னும் ஓர் ஏக்கர் கூட்டினால் சராசரி எவ்வளவு ஏறும், தவறிய வருஷம் எவ்வளவு இறங்கும்?

நான்காவது, அடுத்தடுத்து இரண்டு வருஷம் தவறினால் நிலத்தை ஈடுவைக்காமல் தாங்க இயலுமா?

ஐந்தாவது, இவ்வேலை வீட்டில் யார்மேல் விழும், அவரைக் கேட்டாயிற்றா?

ஆலோசனை கூறும் அலுவலர்களுக்கும் இவை பயன்படும். ஒரு குடும்பம் புதிய பயிரையோ விதையையோ மறுக்குமாயின், அது அறியாமையால் என்று கொள்வதற்குமுன் இவ்வைந்தில் எதில் தடை என்று கண்டறிய வேண்டும். விஷயம் தெரியாமை தடையானால் செய்முறை விளக்கம் போதும். கையிருப்பின்மை தடையானால் எவ்வளவு விளக்கினாலும் பயனில்லை. சங்கக் கடனோ காப்பீடோ வேண்டும்.

உதாரணக் குடும்பத்துக்கும் முன்னேற வழி உண்டு. ஓர் ஏக்கர் கடலையும் மூன்று ஏக்கர் கம்பும் நல்ல வருஷத்தில் 44,000 ரூபாய் தரும். அதில் 15,000 ரூபாயைத் தொடாமல் ஒதுக்கிவைத்தால், மறுவருஷம் இரண்டாவது ஏக்கரைக் கடலைக்கு மாற்றலாம். மழை தவறினாலும் 14,000 நஷ்டத்தை அவ்விருப்பே தாங்கும். அன்று அக்குடும்பம் கடலை விதைப்பது அலுவலர் வற்புறுத்தியதனாலோ அயலாரைப் பார்த்தோ அன்று. தவறிய வருஷத்தையும் தாங்கும் கணக்கு தன் கையிலேயே இருப்பதனால்.